வந்துட்டே இருக்குதுங்க

இதனால் சகலமான பொதுமக்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று முதல் இந்த மாநிலத்தில் எவரும் பதற்றத்தோடு சாக வேண்டிய அவசியம் இல்லை.

அவசர அழைப்பு மையத்தின் இயக்குநர் பரசுராமன் மேடையில் இதே வார்த்தைகளைச் சொல்லவில்லைதான். 'மனித குல வரலாற்றிலேயே' என்று ஆரம்பித்து, நடுவில் நாலைந்து மைல்கற்களை நட்டு, 'தாயுள்ளம் கொண்ட தொழில்நுட்பம்' என்று கைதட்டலுக்காக நிறுத்தினார். வடிகட்டினால் மிஞ்சுவது மேலே சொன்னதுதான். ஆம்புலன்ஸ் கேட்டு அழைக்கிறவர்களிடம் இனிமேல் மனிதர்கள் பேசப்போவதில்லை. இயந்திரம் பேசும். இயந்திரம் மாதிரி இல்லாமல், வசந்தாமணி மாதிரி பேசும்.

மேடையின் கோடி நாற்காலியில் பொன்னாடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் சுருட்டி வைத்திருந்த பெண்மணிதான் வசந்தாமணி. பள்ளிபாளையத்துக்காரி. மையத்தில் தொலைபேசி எடுத்தே தலை நரைத்தவள். அவள் குரலில் இனிமை என்று ஒன்றும் கிடையாது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் வீட்டுக்காரத்தனம். ஆனால் போனில் அந்தக் குரல் "சொல்லுங்க" என்றால், அலறிக்கொண்டிருப்பவர்கள் அலறலை நிறுத்திவிட்டுச் சொல்வார்கள்.

அதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். லைன் எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடும் என்பதால் முதலில் இடத்தைக் கேட்பாள். அடுத்து, விதிப் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி: "நீங்க அவருக்கு என்ன வேணும்?" மகன் என்று சொன்னவன் அந்தக் கணத்திலிருந்து வெறுமனே கத்துகிறவன் இல்லை, செய்வதற்கு வேலை உள்ள மகன். "உங்கப்பாவைச் சாய்ச்சு உக்கார வைங்க. கூப்பிட்டாப் பதில் சொல்றாரா? மூச்சு எப்படி விடறார்? சட்டை நனையற மாதிரி வேர்த்திருக்கா?" பதில்களை வைத்து சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பிரிப்பாள். சிவப்பு என்றால் உடனே வண்டி. பச்சை என்றால் பக்கத்து டாக்டர்.

இன்னொன்றும் உண்டு. டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டதாகச் சொல்லும்வரை, வண்டி வருகிறது என்று அவள் சொல்லவே மாட்டாள். "வண்டி இன்னும் கெடைக்கலைங்க, பாத்துட்டிருக்கேன். உங்ககிட்ட ஏதாவது வண்டி இருக்குதா?" என்று கேட்பாள். இருக்கிறது என்றால், "அதுல கெளம்புங்க, காத்திருக்காதீங்க" என்பாள். அதனால்தான் அவள் 'வருது' என்று சொன்னபோது ஜனங்கள் நம்பினார்கள்.

குரல் பதிவு முடிந்த அன்று, ஃபிரோஸ் என்ற இளம் பொறியாளர் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஒரே ஒரு சிக்கல் இருந்துச்சு மேடம். ஜனங்க போனை ஸ்பீக்கர்ல போட்டுடறாங்க. மெஷின் பேசறது மெஷினுக்கே திரும்பக் கேக்குது. உடனே அதுக்கும் பதில் சொல்ல ஆரம்பிச்சிருது. விட்டா ராத்திரி முழுக்கத் தன்கிட்டயே நலம் விசாரிச்சுட்டிருக்கும்."

"எங்க டைரக்டர் மாதிரிங்கறீங்க."

ஃபிரோஸ் சிரித்தார். "அதனால உங்க குரல் காதுல விழுந்தா அதை அப்படியே தள்ளிடணும்னு கத்துக்கொடுத்திருக்கோம். எவ்வளவு சத்தம் நடுவுல வந்தாலும் சரி, உங்க குரல் மட்டும் அதுக்குக் கேக்கவே கேக்காது."

"அப்ப நான் கூப்பிட்டா?"

"நீங்க எதுக்கு மேடம் கூப்பிடப் போறீங்க? நல்லா இருங்க" என்றார் ஃபிரோஸ். வாழ்த்தாகத்தான் சொன்னார். அவளும் வாழ்த்தாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

மையத்தில் தொலைபேசி எடுத்த மற்றவர்கள் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வசந்தாமணி கடைசியாக அனுப்பப்பட்டாள், பொன்னாடையோடு.

முதல் ஆறு மாதம் பெருமைதான். மளிகைக் கடையில் "கால் கிலோ உளுந்து" என்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "நீங்கதானுங்களே? எங்க பாப்பாவுக்கு ஃபிட்ஸ் வந்தப்ப நீங்கதான் பேசுனீங்க" என்று ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் இல்லை என்று விளக்கப் போய், அவள் முகம் வாடிப்போனதைப் பார்த்து, வசந்தாமணி நிறுத்திக்கொண்டாள்.

அப்புறம் அர்த்தநாரியின் அம்மா இறந்தாள்.

அர்த்தநாரி பக்கத்து வீடு. விசைத்தறிகளுக்கு நூல் ஏற்றிப் போகும் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி சொந்தமாக வைத்திருந்தான். வசந்தாமணியை வாய் நிறைய அக்கா என்பான்; அவள் புருஷன் சென்னியப்பனை மாமா என்பான். ஒரு மாலை அவன் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அழைத்தான். எடுத்தது அக்காவின் குரல். "பதறாதீங்க. வண்டி வந்துட்டே இருக்குதுங்க" என்றது. ஐந்து நிமிடம் கழித்தும் அதையே சொன்னது. இருபது நிமிடம் கழித்தும் அதையே, அதே நிதானத்தோடு. வாசலில் குட்டியானை சாவியோடு நின்றது. அக்காவே சொல்கிறாளே என்று அவன் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்று அந்த வட்டாரத்தில் ஓடக்கூடிய வண்டி ஒன்றுகூட இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

வசந்தாமணி பஸ் பிடித்து மையத்துக்குப் போனாள். பரசுராமன் எழுந்து நின்று வரவேற்று, பாதாம் பால் வரவழைத்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய வரைபடத்தைக் காட்டினார்.

"இல்லாத வண்டியை வருதுன்னு சொல்லுதுங்க சார்" என்றாள் அவள்.

"யாரும் சொல்லிக் கொடுக்கலைம்மா. அதுவே கத்துக்கிட்டது. லட்சக்கணக்கான அழைப்பைக் கவனிச்சிருக்கு. வருதுன்னு சொன்னா ஜனங்க அமைதியாயிடறாங்க, திரும்பத் திரும்பக் கூப்பிடறதில்ல, புகாரும் பண்றதில்ல. பாருங்க இந்தக் கோடு எப்படி இறங்குது."

"நான் அப்படிச் சொன்னதே இல்லீங்களே. சொந்த வண்டி இருக்குதான்னு கேப்பேன். அதை ஏன் எடுத்துட்டீங்க?"

"சொந்த வண்டியில போயிட்டா அது நமக்கு இழந்த அழைப்பும்மா. கணக்குல இடிக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ உபநிடதம் உபதேசிப்பவர்போலச் சொன்னார். "அதைப் பொய்யாப் பாக்காதீங்க. நம்பிக்கையாப் பாருங்க."

"நம்பிக்கைன்னா உங்க குரல்ல சொல்லச் சொல்லுங்க சார்."

பரசுராமன் சிரித்தார். பாதாம் பால் ஆறிவிடும் என்று நினைவூட்டினார்.

அர்த்தநாரி சண்டைக்கு வரவில்லை. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "தப்பா நினைக்காதீங்கக்கா. நீங்க செவுத்துக்கு அந்தப் பக்கம் பேசுனாக்கூட எங்கம்மா மறுபடி சாகறா."

அன்றிலிருந்து வசந்தாமணி வீட்டுக்குள்ளேயே கிசுகிசுப்பாகப் பேசப் பழகினாள். கடையில் விரலால் காட்டி வாங்கினாள். அர்த்தநாரியும் அவளும் பிறகு பேசிக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிச் சோறு தின்றுவிட்டுப் படுத்திருந்த சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்தார்.

"நெஞ்சு கப்புனு அடைக்குது வசந்தா. கேஸ்தான். ஒரு சோடா வாங்கியா."

அவள் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். நெற்றியில், கழுத்தில், நெஞ்சு மயிரில் வேர்வை. தொட்டால் சில்லென்று இருந்தது.

"எடது கை வலிக்குதுங்களா?"

"அதுவும் கேஸ்தான்."

"கையில எங்கீங்க கேஸ் போகும்?"

"உன்ற ஆபீஸ் கேள்வியெல்லாம் ஊட்ல கேக்காதே. சோடா வாங்கியா."

அவள் போனை எடுத்து அழைத்தாள். ஒரே மணியில் எடுக்கப்பட்டது.

"வணக்கங்க. பதறாதீங்க. எந்த இடத்துல இருந்து பேசறீங்க?" என்றது அவள் குரல்.

அவள் தெருவைச் சொன்னாள். மறுமுனையில் ஒன்றுமில்லை. கோவிலை அடையாளம் சொன்னாள். "சிவப்பு, நெஞ்சு வலி, ஆண், வேர்த்துக் கொட்டுது" என்று மையத்தில் கூட வேலை பார்த்தவர்களுக்குச் சொல்வதுபோல அடுக்கினாள்.

"உங்க சத்தம் கேக்கலைங்க" என்றது குரல். பரிவாகத்தான் சொன்னது. அந்தப் பரிவு அவளுடையதுதான்.

ஃபிரோஸ் டீக்கடையில் சொன்னது அப்போதுதான் அவள் நெஞ்சில் வந்து இடித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினாள். தொண்டையை இறுக்கி ஆண் குரலில் பேசினாள். ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுக் கத்தினாள். எதுவும் அதன் காதில் ஏறவில்லை. மாநிலத்தில் இருக்கிற அத்தனை கோடிப் பேரில் அவள் ஒருத்திக்கு மட்டும் அந்த எண் செவிடு.

"வெளையாட்டுக்குக் கூப்பிடாதீங்க கண்ணு. இந்த நேரத்துல இன்னொரு உயிரைக் காப்பாத்தலாம்" என்றது குரல். குழந்தைகள் சும்மா அழைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் சொல்வதற்கென்று, பொறுமையாக அவளே பேசிக் கொடுத்த வாக்கியம்.

போனைப் புருஷன் கையில் திணித்தாள். "நீங்க பேசுங்க. நெஞ்சு வலின்னு சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க."

சென்னியப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். முன்பின் தெரியாதவர்களிடம் தன் உடம்பைப் பற்றிக் குறை சொல்வது அவருக்கு வழக்கமில்லை. அதுவும் அரசாங்கத்திடம்.

"வணக்கங்க" என்றார். "எனக்குப் பெருசா ஒன்னுமில்லீங்க. ஊட்ல பயந்துக்கறாங்க. கொஞ்சம் கேஸ் மாதிரி."

"மூச்சு விட செரமமா இருக்குதுங்களா?"

"சேச்சே, இல்லீங்க."

"வேர்க்குதுங்களா?"

"கரண்டு இல்லீங்க. வேர்க்காம என்ன பண்ணும்."

"பொய் சொல்றாரு" என்று வசந்தாமணி போனில் வாயை வைத்துக் கத்தினாள். "கரண்டு இருக்குது. காத்தாடி ஓடுது. பொய் சொல்றாரு."

இயந்திரம் அவளைத் தள்ளிவிட்டு அவரை மட்டும் கேட்டது. "நல்லதுங்க. வெந்நீர் குடிச்சுட்டுப் படுங்க. நாளைக்குப் பக்கத்து டாக்டரைப் பாருங்க" என்று பச்சையில் போட்டு முடித்தது.

சென்னியப்பன் போனைத் திருப்பிக் கொடுத்தார். உதடு சாம்பல் பூத்திருந்தது. அப்படியும் சிரிக்கப் பார்த்தார். "பாத்தியா? நீயே ஒன்னுமில்லைன்னுட்டே."

அவள் செருப்புகூடப் போடாமல் மாடிப்படி இறங்கி ஓடினாள்.

அர்த்தநாரி வாசலில் குட்டியானையின் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகத் திரும்பினான்.

"அர்த்தநாரி. மாமாவுக்கு நெஞ்சு வலி. நான் பேசுனா அதுக்குக் கேக்காதுப்பா. நீ கூப்பிட்டுச் சொல்லு."

அவள் போனை நீட்டிக்கொண்டே நின்றாள். அவன் அதை வாங்காமல் தன் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து அழைத்தான். அழைத்துக்கொண்டே படியேறி அவள் வீட்டுக்குள் ஓடினான்.

"வணக்கங்க. பதறாதீங்க. எந்த இடத்துல இருந்து பேசறீங்க?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். எதிரில் வசந்தாமணியின் வாய் மூடியிருந்தது. அவள் குரல் மட்டும் அவன் காதில் இருந்தது. இடத்தைச் சொன்னான்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அர்த்தநாரி கண்ணைத் திறந்து வசந்தாமணியைப் பார்த்தான். "மாமனுங்க" என்றான். "என்ற அக்கா புருஷன்."

அதற்குப் பிறகு இயந்திரம் கேட்டதை அவன் வாய்விட்டுச் சொன்னான். வசந்தாமணி பார்த்துச் சொன்ன பதிலை அவன் திருப்பிச் சொன்னான். வசந்தாமணி கேட்டு, வசந்தாமணியே பதில் சொல்லி, இடையில் ஒருவன் நின்று இரண்டு பேருக்கும் தூது வேலை பார்த்தான்.

"இது அவசரமுங்க" என்றது குரல். சிவப்பு. "வண்டி கெளம்பிருச்சு. வந்துட்டே இருக்குதுங்க. அவரை நடக்க வைக்காதீங்க, படியெறக்காதீங்க. அப்படியே சாய்ச்சு வைங்க. லைன்லயே இருங்க."

அர்த்தநாரி போனைக் கையால் பொத்தினான். "நெசமா வருதாக்கா?"

அவள் போனை வாங்கிக் காதில் வைத்தாள். பல வருஷம் அந்தக் குரலை உள்ளிருந்து கேட்டவள். தான் உறுதியாகச் சொல்லும்போது எந்த எழுத்தில் அழுத்தம் விழும், தயங்கும்போது எங்கே இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். உற்றுக் கேட்டாள். "வந்துட்டே இருக்குதுங்க" என்றது. எந்த எழுத்திலும் ஒன்றும் இல்லை.

"தெரியலப்பா. என் குரல்தான். எனக்கே தெரியல."

"அன்னிக்கும் இதேதான் சொல்லுச்சு."

சென்னியப்பன் இப்போது கேஸ் என்று சொல்வதை நிறுத்தியிருந்தார். அது அவளை எல்லாவற்றையும்விட அதிகம் பயமுறுத்தியது. மூச்சுக்கு மூச்சு அவர் தோள் ஏறி இறங்கியது. காத்திருக்கலாம். ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜன் இருக்கும், நின்றுபோன நெஞ்சுக்கு ஷாக் கொடுக்கும் பெட்டி இருக்கும். குட்டியானையில் நூல் மூட்டைதான் இருக்கும். ஆனால் குட்டியானை வாசலில் இருந்தது.

சொந்த வண்டி இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறதென்றால் கிளம்பச் சொல்வது அவள் தொழில். அதை அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"வண்டியை எடு அர்த்தநாரி."

மாடிப்படி குறுகல். தூக்கிக்கொண்டு இரண்டு பேர் இறங்க முடியாது. சென்னியப்பன் அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நடந்தே இறங்கினார். பின்னால் நூல் மூட்டைகள்மீது சாய்த்துப் படுக்கவைத்து, தலையை மடியில் வாங்கிக்கொண்டு வசந்தாமணி உட்கார்ந்தாள். வண்டி தெருவைத் தாண்டியது. விசைத்தறிகள் ஞாயிறென்று பாராமல் ஓடிக்கொண்டிருந்தன.

பெரிய ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நகர்ந்தன. முன்சீட்டில் கிடந்த அர்த்தநாரியின் போனிலிருந்து அவள் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. வண்டி சத்தத்தில் என்ன சொல்கிறது என்று யாருக்கும் புரியவில்லை.

"வசந்தா" என்றார் சென்னியப்பன்.

"சொல்லுங்க."

"சத்தமாப் பேசறே நீ. ரொம்ப நாளாச்சு."

"பேசறேனுங்க. பேசிட்டே வரேன். கண்ணை மூடாதீங்க."

பாலத்தின் நடுவில், எதிர்ப்பக்கத்திலிருந்து சைரன் கேட்டது. சிவப்பு விளக்கைச் சுழற்றிக்கொண்டு ஒரு ஆம்புலன்ஸ் நெரிசலைப் பிளந்து வந்தது. அர்த்தநாரி ஹாரனை விடாமல் அழுத்தினான். விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தான். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினான். ஆம்புலன்ஸ் டிரைவருக்கு அது வழக்கமான பாலத்து ரகளையாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒதுங்கு என்று அவரும் கையை ஆட்டினார். பின்னாலிருந்த வண்டிகளெல்லாம் ஒதுங்கின. இடிக்காமல் இருக்க அர்த்தநாரியும் ஒதுங்கினான். ஆம்புலன்ஸ் அவர்களைக் கடந்து பள்ளிபாளையத்துப் பக்கம் போனது.

சென்னியப்பன் அதைப் பார்க்கவில்லை. மடியில் தலை கனத்தது. வசந்தாமணி அவர் நெஞ்சின்மேல் இரண்டு கையையும் கோத்து வைத்து, ஆயிரம் பேருக்குப் போனில் சொல்லிக் கொடுத்ததைத் தானே செய்யத் தொடங்கினாள். நூல் மூட்டை மெத்தென்று கீழே அமுங்கிக் கொடுத்தது. கீழே கெட்டியாக ஏதாவது இருக்க வேண்டும் என்று அவளே சொல்வாள். இல்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை அழுத்திக்கொண்டே வந்தாள்.

காரியத்தன்று பரசுராமன் மாலையோடு வந்தார். தொழில்நுட்பம் சில தியாகங்களைக் கேட்கிறது என்று ஆரம்பித்தவரை, பந்தலில் இருந்த யாரோ, சாப்பாட்டுக்கு இலை போட்டாச்சுங்க என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது வசந்தாமணியிடம் ஒரு நல்ல செய்தி சொன்னார். குறை சரிசெய்யப்பட்டுவிட்டது, அவளுடைய எண்ணிலிருந்து அழைத்தால் இனிமேல் அவள் குரல் கேட்கும். அவளைத் தெரிந்த நாலு பேர் அதைக் கேட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

எல்லோரும் போன பிறகு அர்த்தநாரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மாமாவுக்குக் கொள்ளி வைத்து மொட்டையடித்திருந்தான்.

"அக்கா."

"சொல்லு."

"அது நம்மளுக்கு வந்த வண்டியா? பாலத்துல போனது?"

"எத்தனையோ வண்டி போகும் வரும்ப்பா."

"ஊட்லயே இருந்திருக்கோணுமோன்னு இருக்குதுக்கா. நாந்தான் அன்னிக்கு எங்கம்மா பேச்சை எடுத்தேன். அதைச் சொல்லாம இருந்திருந்தா நீங்க காத்திருந்திருப்பீங்க. நாம பண்ணது சரிதானா?"

வசந்தாமணி அவன் பக்கம் திரும்பினாள். அவன் இப்போது அவள் குரலுக்காகக் காத்திருந்தான்.

"சரிதாம்ப்பா" என்றாள். நிதானமாக, கொஞ்சம் கரகரப்பாக, எந்த எழுத்திலும் இடறாமல். "எங்கிருந்தாலும் அதேதான் ஆகியிருக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீ பதறாதே."

அவன் மூச்சு மெல்லச் சீரானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பந்தல் சேர்களை அடுக்கப் போனான்.

படியிறங்காமல் வீட்டிலேயே இருந்திருந்தால் சென்னியப்பன் பிழைத்திருப்பார் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.